அண்ணனுக்குப் பெண் கேட்டேன்

அன்பான அண்ணாவுக்கு,

கோபப்படாமல் வாசியுங்கள். கோபப்பட்டாலும் இனி ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று உங்களுக்குப் பெண் கேட்டு மண்டூருக்குப் போனேன். வீட்டுப் பெரியவர்கள் போகவேண்டிய காரியம்தான். ஆனால் அப்பாவையும் அம்மாவையும் சுனாமி கொண்டுபோன பிறகு, கைக்குழந்தையான என்னை வளர்த்த பெரியவர் நீங்கள் ஒருவர்தானே.

புறப்படும்போது மாமா வாசல் படலையை மறித்தார்.

"தங்கச்சிக் குமரை வீட்டில வெச்சுக்கொண்டு தமையன் மாலை போடுறதோ? ஊர் சிரிக்கும் புள்ள!"

"சிரிக்கட்டும் மாமா. நான் படிச்சு முடிக்காமக் கலியாணம் கட்டமாட்டன். அதுவரைக்கும் அண்ணன் கத்தாரில தனியக் கிடக்கோணுமோ?"

மண்டூரில் பவளராணி அக்காவின் தாய் உடனே சம்மதித்தார். உங்களுக்காக இத்தனை வருடம் வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த அக்கா மட்டும் கதவோரம் நின்று, "அவர் ஓம் எண்டவரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்று பொய் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஆவணியில் நாள் வைத்தாயிற்று. சீதனமென்று நீங்கள் எனக்குக் கட்டிய வீட்டில் பெரிய அறையை உங்கள் இருவருக்கும் ஒதுக்கிவிட்டேன். என் வீட்டில் யார் இருப்பதென்று நான்தான் சொல்வேன். லீவு கேளுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்த தங்கச்சி