தரையைத் தட்டும் கை

ஆம்பூர்,
12.8.1984

அன்புள்ள ரஃபத்,

கான்பூர் வெயிலில் நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது என்று கேலி செய்வாய். எழுதினாலாவது கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவை வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிறேன். அங்கே ஒரு ஜெர்மன்காரம்மா ஜமக்காளத்தில் படுக்க வைத்துப் பயிற்சி தருகிறார். பிலாட்டிஸ் என்று பெயராம். மூச்சை வெளியே விட்டு, தொப்புளை முதுகுப்பக்கம் இழுத்து, இடுப்பை மெல்லத் தூக்க வேண்டும். முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்வேன். பி.எஸ்ஸி. படித்ததற்கு இந்த ஒரு உபயோகம்.

முறிந்த முதுகெலும்பு கூடிவிட்டதாம். ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் இடுப்பு இறுகி, அப்பாவால் நடக்கவே முடியாது என்கிறார். அப்பாவோ படுத்ததும் தரையை ஓங்கித் தட்டுகிறார். பிறகு கூரையைப் பார்த்துக் காத்திருக்கிறார். இடுப்பு அசைவதில்லை. பக்கத்தில் கால் முறிந்து கிடக்கும் லாரி டிரைவர் சர்தார் பாஷா, "இன்னா பரந்தாமா, பூமிக்குள்ள யாரு இருக்காங்கன்னு கதவத் தட்டுற?" என்று அப்பாவைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

நம் அப்பாக்கள் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரிக்குள் நீ போனதில்லை. தோல் உருட்டும் டிரம் ஓர் அறை அளவு மரப் பீப்பாய். சிக்கிய தோலை எடுக்க உன் அப்பா, கவுஸ் மாமா, உள்ளே இறங்குவார். மறுபடி ஓட்டுமுன் என் அப்பா பலகையைத் தட்டி, "வந்துட்டியா பாய்?" என்பார். மாமா வெளியே வந்து நின்று, "வந்துட்டேன்பா, போடு" என்பார். அந்தக் குரல் கேட்காமல் அப்பா சுவிட்சைத் தொட்டதில்லை.

அன்றைக்கும் தொடவில்லை. அதுதான் விஷயம். கரண்ட் போய் டிரம் தானாக நின்றது. எப்போதும்போல் சாயங்காலம்தான் வரும் என்று சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டார். மாமா உள்ளே இருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. சுழலும் பலகையை வெறுங்கையால் நிறுத்தப் பார்த்துத்தான் அப்பாவின் முதுகு போனது. மாமா உயிரோடு வெளியே வரவில்லை. சுவிட்ச் விஷயத்தை அப்பா யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் மூச்சை வெளியே விடச் சொன்னபோது, மூச்சோடு அதுவும் வந்தது. என்ன சொல்கிறார் என்று ஜெர்மன்காரம்மா கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

நேற்றும் தட்டிவிட்டுக் காத்திருந்தார். என்ன நினைத்தேனோ, "வந்துட்டேன்பா, போடு" என்று சொல்லிவிட்டேன். இடுப்பு எழும்பியது ரஃபத், கண்ணி கண்ணியாக. அப்படியே நிறுத்தி, "ஏன் பாய் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். அழவில்லை. சாதாரணமாகக் கேட்டார்.

இன்று மறுபடி சொன்னேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீ சொல்லாத பூரணி. அது உன்னுது இல்ல" என்றார். அப்புறம் தரையைத் தட்டவும் இல்லை.

பக்ரீதுக்கு நீ வருவதாக உன் அம்மா சொன்னார். இதைப் படித்த பிறகு எங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகலாம். அது நியாயம்தான். வந்தால், அந்த ஜமக்காளத்தின் ஓரம் ஒரு நிமிடம் உட்கார். மன்னித்தேன் என்று சொல்லக் கேட்கவில்லை. வாயில் எது வருகிறதோ அதைச் சொல். திட்டினாலும் சரி. பதில் வராமல் அவரால் எழ முடியவில்லை.

குழந்தைக்கு அல்லா நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் கரண்ட் போனால், முதலில் சுவிட்சை அணைத்துவிடு.

உன்,
பூரணி