ஏழு நிமிடம் முப்பத்து நான்கு வினாடி

மார்ச் 7, சனி

இன்று பேச்சு மன்றத்தில் குழாய்க்காரர் ஆறு நிமிடம் பேசினார். இரண்டே இரண்டு "வந்து". போன வருடம் சேர்ந்த அன்று இருபத்து மூன்று. "வந்து", "அதாவது", "ம்" எல்லாவற்றையும் கோடு போட்டு எண்ணுவது தபால்காரரின் பொறுப்பு. அவர் எழுந்து "ரெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. குழாய்க்காரருக்கு வெட்கம். "அந்த ரெண்டையும் வீட்லயே விட்டுட்டு வரணும்னுதான் நெனச்சேன், வந்து…" என்றார்.

"மூணு," என்றார் தபால்காரர், தலை நிமிராமல்.

நாங்கள் கூடுவது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி வகுப்பறையில். பள்ளியை நடத்துகிறவர்தான் மன்றத்தின் தலைவர். சுவரெல்லாம் சாலைக் குறிகள். யார் எழுந்து பேசினாலும் அவர் தலைக்குப் பின்னால் "அபாய வளைவு". வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் "இது தெளிவா, அது தெளிவா" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, சனிக்கிழமை நாலு மணி என்றால் யாரோ ஜன்னலைத் திறந்தது போல.

நான் பேசுவதில்லை. நேரம் பார்க்கிறேன். ஐந்தாவது நிமிடம் பச்சை அட்டை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. அதற்கு மேல் முப்பது வினாடி சலுகை. போட்டியில் அதையும் தாண்டினால் பேச்சு தள்ளுபடி. பதினோரு மாதமாகக் கடைசி வரிசையில் மூன்று அட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா இன்றும் கேட்டாள். "அங்க போய் என்னதான் பண்ற?"

"மணி பாக்குறேன்மா."

"அதுக்கு நம்ம கூடத்துலயே ஒண்ணு மாட்டியிருக்கே."


மார்ச் 14, சனி

லிஃப்ட் அக்கா ஒத்திகை பார்த்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் இன்னமும், "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்று கேட்கிறார்களாம். "வந்துட்டாருங்க, இப்பதான் உள்ள போனாரு" என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

பேச்சின் தலைப்பு "கதவுக்கு இந்தப் பக்கம்". இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது, உள்ளே ஒரு பெண் தனியாக. அக்கா மொட்டைமாடியில் இயந்திர அறையிலிருந்து இன்டர்காமில் கூப்பிடுகிறார். பதில் இல்லை. "பயப்படாதீங்க" என்று சொல்லக்கூடாதாம். அதுவரை பயப்படாதவர்களும் அப்போதுதான் பயப்படுவார்களாம். அதனால் தன் கைகள் செய்வதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இப்போது பிரேக்கைத் தளர்த்துகிறேன். இப்போது சக்கரத்தைக் கையால் திருப்புகிறேன். நீங்கள் ஒரு சாண் இறங்குவீர்கள். பிறகு, "அம்மா, இறங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேடையில் அப்படியே நிற்கிறார். எட்டு வினாடி. நான் அளந்தேன். சாலைக் குறிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

எவ்வளவோ படித்திருக்கிறேன். ஒன்றுமே சொல்லாமல் இத்தனை சொல்ல முடியும் என்பதை இன்றுதான் பார்த்தேன்.

28ஆம் தேதி வட்டாரப் போட்டி. முதலிடம் வருகிறவர் மண்டலப் போட்டிக்குப் போவார். அங்கே அறுநூறு பேர் உட்காரும் அரங்கு. அக்கா மூன்று வருடமாக முயல்கிறார். கோப்பைக்காக இல்லை. "அறுநூறு பேர் கேட்டா அறுநூறு வீட்டுக்குப் போகும். நடுவுல நின்னா கதவ நெம்பிக் குதிக்காதீங்கன்னு எத்தன பேருக்குத் தனித்தனியா சொல்லிட்டு இருக்க முடியும்?"

பேசும்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. என் அட்டைதான். சிவப்பைப் பார்த்ததும், எங்கே இருந்தாலும் தாவி, கடைசி இரண்டு வாக்கியத்துக்கு வந்துவிடுவார். அப்படிப் பழகியிருக்கிறார்.

"நீ இருக்கறவரைக்கும் எனக்குக் கவலையில்ல," என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.


மார்ச் 28, சனி

எழுதவேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

போட்டியில் கடிகாரத்துக்கு ஒருவர், அட்டைக்கு ஒருவர் இருக்கவேண்டும். இன்னொரு மன்றத்திலிருந்து வரவேண்டியவருக்குக் காய்ச்சல். "நீங்களே ரெண்டையும் பாத்துக்குவீங்கல்ல?" என்றார்கள். தலையாட்டினேன்.

அக்கா ஐந்தாவதாகப் பேசினார். பச்சை காட்டினேன். மஞ்சள் காட்டினேன். "அம்மா, இறங்கினீங்களா?" — அவர் நின்றார். அரங்கே நின்றது. நானும் நின்றுவிட்டேன். உள்ளே இருந்த அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று, ஏற்கெனவே கேட்டவள், தெரியாதவள் மாதிரி காத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒரு சாண்" என்று அவள் குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு குனிந்தால் கடிகாரம் ஏழு நிமிடம் இருபத்தொன்று.

சிவப்பை உயர்த்தினேன். அக்கா உடனே கடைசி இரண்டு வாக்கியத்துக்குத் தாவினார். முடிக்கும்போது ஏழு முப்பத்து நான்கு.

நான்கு வினாடி.

நேரத்தாளில் 7:34 என்று எழுதினேன். அடியில் ஒரு கட்டம் இருந்தது: "அட்டை காட்டுவதில் தவறு நேர்ந்ததா? நேர்ந்திருந்தால் விவரம்." அங்கே ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கு இன்னும் முப்பது வினாடி சலுகை கிடைத்திருக்கும். முடிவு அறிவிக்கும் முன் எழுதவேண்டும், அவ்வளவுதான் விதி. எழுதினால் கேட்பார்கள். கேட்டால் அத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்லவேண்டும். தலைமை நடுவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

"நேரம் மீறியதால் ஒரு பேச்சு விலக்கப்படுகிறது" என்று அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. மூன்று பரிசுகளையும் வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அக்கா கைதட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து என்னிடம், "சிவப்பு வந்தப்ப ரொம்ப தாண்டிட்டேனா?" என்றார்.

"கொஞ்சம்," என்றேன்.

கொஞ்சமாம். வாய் கூசவில்லையே எனக்கு.


மார்ச் 29, ஞாயிறு

நான் எழுதிய எண்ணில் பொய் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்றைய பொழுது போயிற்று.


ஏப்ரல் 4, சனி

அக்கா படியேறி வந்ததும் குழாய்க்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "நேரம், நேரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். "லிஃப்டு வேணா நிக்கும், நான் நிக்கமாட்டேன் போல" என்றார்.

பிறகு அதே பேச்சை மறுபடி பேசினார். ஆறு நிமிடம் நாற்பது வினாடி. "அம்மா, இறங்கினீங்களா?" — "'இன்னும் ஒரு சாண்' என்றார் அந்த அம்மா." இடையில் ஒன்றுமே இல்லை. மாட்டிக்கொண்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல நேரமே கொடுக்காத மாதிரி.

ஏன் என்று கேட்டேன்.

"அந்த நிறுத்தத்த எடுத்துட்டேன். எட்டு வினாடி வீண். நாலுலதான போச்சு?"

எடுத்தது அவரா? நான்தானே.


ஏப்ரல் 8, புதன்

கடைக்கு ஒருவர் வந்தார். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் "தெளிவா இருக்கு" என்கிறார். பத்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகப் பொய் சொல்கிறார். கோபமாக வந்தது. அப்புறம் யார் மேல் என்று யோசித்தேன்.


ஏப்ரல் 11, சனி

மன்றக் கூட்டம் தொடங்கும் முன் அக்கா வேலை செய்யும் இடத்துக்கே போனேன். பதினான்கு மாடிக் கட்டடம். லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள், படியேறினேன். மொட்டைமாடியில் ஒரு தகரக் கதவு, உள்ளே மோட்டார், எண்ணெய் வாசனை, கிழிந்த அட்டைப்பெட்டி மேல் சம்மணம் போட்டு அக்கா. பேச்சில் வரும் சக்கரம் இதுதானா என்று பார்த்தேன். மஞ்சள் வண்ணம், என் கைக்கு அடங்காத அளவு.

"பதினாலு மாடி ஏறியா வந்த? என்ன, வீட்ல ஏதாவது?"

மூச்சு வாங்க நின்றபடியே சொன்னேன். சிவப்பைக் காட்டியது ஏழு இருபத்தொன்றில். தாளில் ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஏன் மறந்த?"

"கேட்டுட்டு இருந்துட்டேங்க்கா."

"இத நான் பாராட்டா எடுத்துக்கணுமா?"

"இல்லக்கா."

"மறந்தத விடு. எனக்கும் மறக்கும். கட்டத்த ஏன் எழுதல?"

"எழுந்து பேசச் சொல்லுவாங்கன்னு பயம்."

அதற்கு அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "ரெண்டு வாரமா தினம் குளிக்கற அறையில மணி வச்சுப் பேசிப் பாத்துட்டு இருக்கேன். என் நாக்கு என் பேச்சக் கேக்கலைன்னு. இங்க என் வேலை என்ன தெரியுமா? ஒரு சாண்னா ஒரு சாண்தான் எறக்கணும். நாலு விரல் கூடக்கொறைய ஆச்சுன்னா கால் மாட்டிக்கும். எனக்கே அளவு தெரியலைன்னு நெனச்சுக்கிட்டேன் பாரு, அதான் வலிச்சுது."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் என்னைத் தேற்றவேண்டி வந்திருக்கும். அதையும் அவர் தலையில் கட்டவேண்டாம் என்று நின்றேன்.

"எங்கிட்ட சொன்னது சரி," என்றார் கடைசியில். "ஆனா 'நேரம் நேரம்'னு கை தட்டிக் காட்டுறது நான் இல்லையே. அவங்ககிட்ட சொல்லு. சனிக்கெழம. முன்னாடி நின்னு."

"இன்னிக்கே சொல்லிடவா?"

"இன்னிக்கு வேணாம். இன்னிக்கு எனக்குக் கோவமா இருக்கு. அடுத்த வாரம்."

கோபத்தைக்கூட எத்தனை சுத்தமாக வைத்துக்கொள்கிறார் இந்த மனுஷி. குத்திக்காட்டவும் இல்லை, பரவாயில்லை என்று பூசி மெழுகவும் இல்லை.


ஏப்ரல் 14, செவ்வாய்

சாப்பிடும்போது அம்மாவிடம், சனிக்கிழமை நான் பேசப்போகிறேன் என்றேன். "யாரு கூட?" என்றாள்.


ஏப்ரல் 18, சனி

பேசுவோர் பட்டியலில் என் பெயரை நானே எழுதினேன். தலைவர் பார்த்துவிட்டு, "தப்பான வரியில எழுதிட்டீங்களாம்மா? நேரம் பாக்கறது கீழ" என்றார். இல்லை என்றேன்.

என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்க்கவே இல்லை. ஏழு இருபத்தொன்று. காலிக் கட்டம். "அவங்களுக்கு நேரம் தெரியும். எனக்குத்தான் தைரியம் இல்ல." அதோடு போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாரும் கைதட்டவில்லை. அது சரியும்கூட. பிறகு தபால்காரர் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மற்ற எல்லோருக்கும் வாசிப்பது போலவே வாசித்தார்: "'வந்து' பதினாலு. 'அதாவது' ஆறு. 'ம்' எண்ணி மாளல." அந்த நிமிடம் எனக்கு மூச்சு வந்தது. மன்றத்தில் என்னையும் ஒருத்தியாக எண்ணிவிட்டார்கள்.

குழாய்க்காரர் முன்வரிசையிலிருந்து திரும்பி, "அதிகமா கிண்டல் பண்ணது நான்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அக்காவிடம்.

"எடுத்துட்டேன். இப்ப குடுத்துட்டேன்," என்றார் அக்கா.

படியிறங்கும்போது என் பக்கத்தில் வந்தார். "சத்தமா பேசணும். பின்னாடி வரிசைக்குப் பாதி கேக்கல."


ஏப்ரல் 25, சனி

தலைவர் போட்டிக் குழுவுக்கு எழுதியிருந்தார். பதில் வந்துவிட்டது. அறிவித்த முடிவை மாற்ற வழியில்லை. இனி ஒரே ஆளிடம் கடிகாரத்தையும் அட்டையையும் கொடுக்கமாட்டார்களாம். அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "சரி" என்றார். அந்தச் "சரி"யில் மூன்று வருடம் இருந்தது. என்னால் திருப்பித் தர முடியாத மூன்று வருடம்.

குழாய்க்காரர் வேறொன்று சொன்னார். அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக் குழாயெல்லாம் அவர் பொறுப்புதான். குடியிருப்போர் சங்கத்தில் பேசிவிட்டாராம். மே 9ஆம் தேதிக் கூட்டத்தை அங்கேயே நடத்தலாம், குடியிருப்பவர்களும் வந்து உட்காருவார்கள்.

"அறுநூறு பேரு வரமாட்டாங்க," என்றார் தயங்கி.

"லிஃப்டுல போறவங்க வந்தாப் போதும்," என்றார் அக்கா.

பிறகு என்னிடம், "அன்னிக்கு நீ அட்டை பிடிக்காத." தலையைக் குனிந்துகொண்டேன். நியாயம்தானே. "மதிப்பீடு பண்ணு. கேக்கத்தான் உனக்கு நல்லா வருதே. கேட்டத வந்து சொல்லு."

குத்தலா, நம்பிக்கையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.


மே 9, சனி

கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில் நூறு பேருக்கு மேல். நாற்காலி பற்றாமல் சிலர் லிஃப்ட் கதவோரமாகவே சாய்ந்து நின்றார்கள். அட்டைகள் குழாய்க்காரரிடம். அவர் அவற்றைப் பரீட்சைத்தாள் மாதிரி பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

நான் ஐந்தாவது வரிசையில், ஒரு தாத்தாவுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் நடுவில். கையில் ஒன்றுமில்லை.

"அம்மா, இறங்கினீங்களா?" என்று கேட்டார் அக்கா. நின்றார்.

குழந்தை ஏதோ சொல்ல வந்து அதுவும் நிறுத்திக்கொண்டது. தாத்தா மெல்ல முன்னால் சாய்ந்தார். எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியாது. "இன்னும் ஒரு சாண்" வந்தபோது தாத்தா, யாருக்கும் கேட்காத குரலில், "இறக்கும்மா" என்றார்.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, நடுவில் நின்றால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டாள். இன்னொருவர் கேட்டார். அக்கா எல்லோரையும் லிஃப்ட் பக்கம் அழைத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். கூட்டம் பழையபடி உட்காரக் கால் மணி நேரம் பிடித்தது.

தலைவர் பட்டியலைப் பார்த்து, இந்தப் பேச்சுக்கு மதிப்பீடு யார் என்றார். குறிப்பு எதுவும் எடுத்திருக்கவில்லை. எழுந்து முன்னால் போனேன். கடைசி வரிசையைப் பார்த்துச் சத்தமாகத் தொடங்கினேன்.