சுவரில் மாட்டிய சிரிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் நலத்தைப் போனில் கேட்டு மனசு ஆறாமல்தான் இந்தக் கடிதம்.

ஆட்களை அதட்டினால் வேலை நடக்காது, நன்றாகச் செய்கிறவரின் படத்தைச் சுவரில் மாட்டு, தானாக உற்சாகம் வரும் என்று சொன்னாயே, மேனேஜராக இருக்கிற மகள் சொன்னதாயிற்றே என்று எங்கள் சலவைக்கூடத்தில் நான் மேற்பார்க்கும் இஸ்திரிப் பிரிவில் செய்து பார்த்தேன். முதல் படம் நம் வாயாடியுடையது. போர்வையோடு ஊர்க்கதை முழுவதையும் தேய்த்து மடிப்பவள் அவள். படம் எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வாயை மூடிச் சிரிடி என்றேன். மறுநாளிலிருந்து அவள் பேசவில்லை. அதே மூடிய வாய், அதே சிரிப்பு. மதியத்துக்குள் மூட்டையெல்லாம் காலி. சாப்பிட்டியா என்றால் சிரிப்பாள். இஸ்திரிப்பெட்டி கையில் பட்டுக் கொப்பளித்தது, அப்போதும் சிரித்தாள். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இன்னும் மாட்டுங்கள் என்றார். அடுத்து மடிப்புக்காரர், பிறகு ஒவ்வொருவராக. கூடத்தில் ஆவிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

வாயாடியின் புருஷன் வந்து, வீட்லயும் இப்படியே நிக்கிறா, பிள்ளை அழுதாலும் சிரிக்கிறா என்று அழுதான். அன்றே அவள் படத்தைக் கழற்றினேன். மறுநாள் தாமதமாக வந்து, பெட்டி சூடே ஆகல, இதெல்லாம் ஒரு கூடமா என்று என்னைக் கிழித்தாள். கையில் இருந்த புண்ணைப் பார்த்து ஓவென்று அழுதாள். கட்டிக்கொண்டேன். மற்ற படங்களையும் கழற்றிவிட்டேன். முதலாளி முகம் இஞ்சி தின்ற குரங்குதான், போகட்டும். இப்போது காலையில் ஒவ்வொருவரிடமும் எது சிரமம் என்று கேட்கிறேன், நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறேன். வேலை நடக்கிறது, சண்டையும் நடக்கிறது.

உன் படத்தையும் ஆபீஸ் வாசலில் மாட்டியிருப்பதாகப் போன மாதம் சொன்னாய். அதன்பிறகு அப்பா படியில் விழுந்துவிட்டார் என்று போனில் சொன்னேன். ரொம்ப சந்தோஷம்மா, வேலை நல்லா போகுது என்றாய். மறுபடியும் சொன்னேன். அதே வார்த்தை, அதே குரல், அதே இடத்தில் சிரிப்பு. பாவம், அலுப்பா இருக்கும் என்கிறார் அப்பா. எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணே, நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எழுந்து போய் அந்தப் படத்தைக் கழற்று. வேலை போனால் போகிறது. உன்னால் முடியாவிட்டால் பக்கத்தில் யாரிடமாவது இந்தக் கடிதத்தைக் கொடு. கழற்றியதும் எனக்குப் போன் செய், உனக்கு வேற வேலையே இல்லையாம்மா என்று கத்து.

உன் திட்டுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா