தறி வேறு, தரவு வேறு

செவிலிமேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் உன் ஃப்ளெக்ஸ். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. புது மையின் வாடை வெயிலில் முகத்தில் அடித்தது. பெயருக்குக் கீழே 'உளவியல் ஆய்வாளர்'. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ செத்தாய். உன் கட்டுரை சாகவில்லையே.

தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளைகளுக்குக் கவனம் அதிகம். அதுதான் உன் கண்டுபிடிப்பு. ஊர் அள்ளிக்கொண்டது. சால்வை போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம் தறி வீட்டுப் பிள்ளைகளை 'ஏ' பிரிவிலும் மற்றவர்களை 'பி' பிரிவிலும் உட்கார வைத்தது.

மற்றவர்கள் என்றால் எங்கள் தெரு. பள்ளி திறந்ததும் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "நீதான் அந்தப் படிப்பு படிச்சிருக்கியேபா. வூட்ல தறி இல்லன்னா புள்ளைக்குப் புத்தி நிக்காதாமே. நெசமா?"

அந்தச் சோதனையை நாம் இருவரும்தான் நடத்தினோம். திரையில் சிவப்புப் புள்ளி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் பிரமாதமாக அழுத்தினார்கள். நீ அவர்களைக் கணக்கிலிருந்து அழித்தாய்.

"இதெல்லாம் அறுந்த இழைபா. எடுத்துடலாம்."

"உங்க வூட்டுத் தறியில இழை அறுந்தா எடுத்துடுவாங்களா? முடிச்சி போட்டு சேக்க மாட்டாங்க?"

சிரித்தாய். "தறி வேற, தரவு வேறடா."

"யார எடுக்கலாம்னு முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். ரிசல்ட்ட பாத்துக்கினு எடுக்கறதுக்குப் பேரு இன்னா?"

"அனுபவம்," என்றாய்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். தரவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பத்திரமா இருக்குதுபா," என்பாய். உன் உயிரை எடுத்த பைக் விபத்துக்குப் பிறகு உன் லேப்டாப்பின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. ஆமாம், பத்திரமாகத்தான் இருக்கிறது.

சோதனையைத் திரும்ப நடத்தினேன். யாரை விலக்குவது, ஏன் விலக்குவது என்பதை முதல் பிள்ளை வருவதற்கு முன்பே பொதுவில் பதிந்து வைத்தேன். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் ஆசைப்பட்ட முடிவு. இனித்தது. உனக்கும் இப்படித்தான் இனித்திருக்கும் என்று தோன்றியது. பிள்ளைகளின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு எல்லாத் தரவையும் இணையத்தில் போட்டேன். என்னைப் பிடிக்காத ஒருவரையே தேடிப் பிடித்துச் சரிபார்க்கச் சொன்னேன். அவருக்கும் அதே விடை.

பிறகுதான் அக்காவிடம் போனேன். "அப்படி ஒண்ணும் தெரியலக்கா. வா, பள்ளிக்கூடத்துல போய்க் கேக்கலாம்."

உன் தங்கை போனில் கத்தினாள். "செத்தவன் மானத்த ஏண்ணா வாங்கற?"

உன்னால் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். விரும்பிய விடை வரும்போதெல்லாம் ஒரு பயம். அந்தப் பயம் கொஞ்சமாவது உனக்கும் இருந்திருக்கக் கூடாதா.