நூல் பிடித்த கை

மார்ச் 3, திங்கள்

காலையில் என் சாக்ஸை என் வீட்டு மகாராணி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டால், "கல்லு குளிருதுங்க, உங்களுதுதான் தடிமனா இருக்கு" என்கிறாள். கடவுக்குள், அக்கரைக்குப் போகும் அந்தக் கல்வாசலுக்குள், கால் வைக்கிறவள் அவள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நூல் பிடிக்கிறவன். வாதாட எனக்கு என்ன யோக்கியதை? வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இன்று அவள் நான்கு முறை போய் வந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரை ஊரில் காய்ச்சல் பரவியிருக்கிறது. அதற்கான மருந்து உயிருள்ள மருந்து. மனித உடம்புச் சூட்டோடு ஒட்டிப் போனால்தான் கெடாமல் இருக்கும். பெட்டியில் வைத்துத் தள்ளிவிட்டால் அங்கே வெறும் தண்ணீராகத்தான் போய்ச் சேருகிறது. கடிதம், மூட்டை, கட்டில் எல்லாம் கடவின் சின்ன நிலைவாசல் வழியாகத் தானே போய்விடும். உயிருள்ளதற்குத்தான் பெரிய நிலையும் நூலும். கடப்பவர் இடுப்பில் கட்டிய நூல் இந்தப் பக்கம் ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும்வரை வழி தவறாது. இரண்டு மூச்சில் அக்கரை. போய்ச் சேர்ந்ததும் அங்கே அடிக்கும் மணி இங்கே நிலைக்கல்லில் கேட்கும். நூல் கைநழுவினால் அவ்வளவுதான். எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

அவள் நூலை மட்டும் நான் தொடக்கூடாது. சொந்தக்காரர் கை தன்னை அறியாமல் பின்னால் இழுக்கும் என்பதால் அப்படி ஒரு விதி. அவளுக்கு என்னோடு வேலை செய்யும் நெட்டையன் நூல் பிடிக்கிறான். நான் பக்கத்து நிலையில் யாரோ ஒரு வியாபாரிக்குப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். அவள் மணி அடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

"எப்பப் பாத்தாலும் புலம்பறீங்க, நல்லதா நாலு வரி எழுதக் கூடாதா?" என்று இந்த நோட்டைப் பார்த்துக் கேட்டாள். சரி, எழுதுகிறேன்: நான்கு மணியும் அடித்தது.

மார்ச் 4, செவ்வாய்

புது சாக்ஸ் வாங்கினேன். அதுவும் போயிற்று.

மார்ச் 6, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது. வலது கையில் நூல்.

அவள் நூல்.

மேலாளர் அம்மா என் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்தார். "எழுதுங்க. மனசு வேற பக்கம் போகும்." போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நெட்டையனுக்குக் காலையிலேயே காய்ச்சல். ஆள் குறைவு என்று சொல்லாமல் வந்துவிட்டான், மடையன். அவள் மருந்துக் குப்பிகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நிலைக்குள் நுழைந்தாள். இவன் சாய்ந்தான். நூல் தரையில் பாம்பு மாதிரி ஓடியது. என் வியாபாரிக்கு அப்போதுதான் மணி அடித்திருந்தது, கை காலி. பாய்ந்து பிடித்தேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் பிடித்திருப்பேன். முனை உள்ளே போக நான்கு முழம்தான் இருந்தது.

பிடித்ததும் ஓட்டம் நின்றது. மணி அடிக்கவில்லை.

நடுவில் நிற்கிறாள்.

ஓடுகிற நூலை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பிடிக்கலாம். நின்ற நூலைக் கைமாற்றினால் அந்த இடத்திலேயே அறும். ஆக, நான்தான். நூலில் ஒரு துடிப்பு இருக்கிறது, அவள் நாடி. நடுவில் பசி, தாகம், நேரம் எதுவும் கிடையாது என்கிறார்கள். யார் போய்ப் பார்த்தார்கள்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நிலை மூடாமல் இருந்தால் கல் சூடேறிக்கொண்டே போகும். சிவந்துவிட்டால் எந்த நொடியும் வெடிக்கலாம். வெடித்தால் இந்தத் தெருவே இருக்காது. அதனால் சிவந்ததும் நூலை வெட்டிவிட வேண்டும். அதற்கான கத்தரிக்கோல் எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்குகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

தூங்கினால் கை தளரும், தளர்ந்தால் நழுவும். ஆகவே என்னைத் தூங்கவிடக் கூடாது என்று ஊரே கங்கணம் கட்டிக்கொண்டு வேலை செய்கிறது.

மச்சினி வந்துவிட்டாள். அக்காவுக்கு நடந்ததைக் கேட்டு வாசலில் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, கண்ணு சொருகுச்சு, கிள்ளிருவேன்." சொன்னதோடு நிற்கவில்லை. இடது தோள் முழுக்கச் சிவந்து கிடக்கிறது. தையற்காரி விரல் அல்லவா, நகம் ஊசி மாதிரி.

நெட்டையன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். காய்ச்சல் இன்னும் விடவில்லை. "அண்ணே, என்னால..." என்று ஆரம்பித்தான். "போய்ப் படுடா" என்றேன். போகவில்லை. கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிவிட்டான். பிறகு என்னை விழித்திருக்க வைக்கப் பாடினான். அந்தக் குரலுக்குச் செத்தவனே எழுந்து உட்காருவான்.

சின்னதும் பெரியதுமாக இயற்கை உபாதைகளுக்கு ஒரு வாளி, ஒரு திரை. திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பக்கத்து நிலையின் கணக்கர். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர். சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. இந்தக் கடனையெல்லாம் எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்?

மேலாளர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தானே வாளி வாளியாகக் கல்லில் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றியதும் ஆவியாகிறது.

மார்ச் 8, சனி

தலைமை அலுவலகத்து ஆய்வாளர் வந்தார். கல்லைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "இதுக்கு மேல தாங்காது, வெட்டிருங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெட்டிருங்கன்னா என்னய்யா அர்த்தம்? உள்ள இருக்கறது மூட்டையா? நாடி அடிக்குது. இந்தா, தொட்டுப் பாரு, அடிக்குது. என் பொண்டாட்டி. என் — கத்தினேனா, நினைத்தேனா, தெரியவில்லை. மச்சினி என் வாயைப் பொத்தினாள். ஆகவே கத்தியிருக்கிறேன்.

மேலாளர் அம்மா ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நான் குனிந்து நூலை உடம்பால் மறைத்தேன். எடுத்துத் தன் கைப்பையில் போட்டார், பையை நாற்காலியில் வைத்தார், அதன் மேல் உட்கார்ந்தார். "இன்னும் சிவக்கலை சார். சிவந்தா நானே வெட்டறேன். அதுவரைக்கும் நீங்க தெரு ஆளுங்களைக் காலி பண்ணுங்க." ஆய்வாளர் போய் அதைத்தான் செய்தார். தெருவில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு, எங்களுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் இழுக்கிறேனா? அதுதான் தெரியவில்லை. கையிடம் சொல்லிப் பார்க்கிறேன்: விடாதே, இழுக்கவும் செய்யாதே. நூல் தளர்ந்து முன்னால் போகட்டும். போக விடு. நான் சொன்னால் என் கை கேட்கிறதா? துடிப்பு கொஞ்சம் மெலிந்தாலும் விரல் தானாக இறுகுகிறது. அவள் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கல்லின் கீழ் ஓரத்தில் லேசாகச் சிவப்பு. மேலாளர் அம்மா பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றினார்.

பிற்பகல்.

இப்போது ஒன்று நடந்தது. சின்ன நிலை வழியாக அக்கரையிலிருந்து ஒரு சீட்டு வந்து விழுந்தது. "உங்கள் நூல் ஒரு சாண் முன்னேறியது இங்கே நிலைக்கல்லில் தெரிந்தது. உடனே நின்றுவிட்டது. என்ன செய்தீர்கள்? மறுபடி செய்யுங்கள்." நாங்கள் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றினோம், அது எப்போதும் ஊற்றுவதுதான். நெட்டையன் பாடினான், அதுவும் எப்போதும் பாடுவதுதான்.

மச்சினி மட்டும் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "மேடம், மாமா சாப்பிட்டுட்டு இப்பத் தூங்கி விழுந்தாரு. குறட்டைகூட விட்டாரு. நான்தான் கிள்ளி எழுப்பினேன்." பிறகு குரலே மாறிவிட்டது. "ஐயோ. நான்தானே எழுப்பினேன்."

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. விழித்திருக்கும் என் கைதான் இழுக்கிறது. தூங்கும் கைக்கு யார் மனைவி, யார் வியாபாரி? பாவம், இத்தனை பேர் கண் விழித்து, கஞ்சி ஊட்டி, கிள்ளி, பாடி, என்னை விழிக்க வைத்து, அவளைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறோம். அன்பால் செய்த வேலை. இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

தூங்கினால் நழுவுமே என்றான் நெட்டையன். மச்சினி தன் மேல்துண்டை நீள நீளமாகக் கிழித்தாள். என் விரல்களை மடக்கி, நூல் வழுக்கிப் போகவும் கைவிட்டு விழாமலும் இருக்கிற அளவு இறுக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். முனையில் பெரிய முடிச்சு போட்டிருக்கிறாள், முடிச்சு துணிக்கட்டைத் தாண்டாது. இதற்கு மேல் ஒரு தையற்காரியிடம் என்ன கேட்பது?

எல்லாம் தயார். இப்போது நான் தூங்க வேண்டும். மூன்று நாளாகக் கெஞ்சிக் கெஞ்சித் துரத்திய தூக்கம், இப்போது கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது. நெஞ்சு அடிக்கிற அடியில் எப்படித் தூங்குவது? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூனைக்கார கணக்கர்கூட.

நோட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

மார்ச் 10, திங்கள்

வலது கை. வீங்கியிருக்கிறது, ஆனால் எழுதுகிறது.

மணி அடித்தபோது நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் காத்திருந்த ஒரே மணி, கூடமே கேட்டிருக்கிறது, நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். மேலாளர் அம்மா நிலையத்து விதிப்புத்தகத்தை எடுத்து என் காதருகே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். "மூணாவது விதியிலயே போயிட்டீங்க" என்றார். அந்தப் புத்தகத்தை நான் இனி ஒருபோதும் கேலி செய்ய மாட்டேன்.

நூல் மெதுவாகப் போயிற்றாம், பிறகு வேகமாக. முடிச்சு துணிக்கட்டில் முட்டிய அதே சமயம் மணி. நெட்டையன் அழுதானாம். மச்சினி சொல்கிறாள், அவன் இல்லை என்கிறான். என்னை யாரும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியதில்லை என்று எல்லோருமாக முடிவு செய்து, தலைக்கு ஒரு மூட்டையை வைத்துவிட்டு, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

கண் விழித்தபோது மார்பின் மேல் ஒரு சீட்டு. அவள் கையெழுத்து.

"வந்துட்டேன். மருந்து ஒரு குப்பிகூடக் கெடலை. எனக்கு ரெண்டு மூச்சுதான் ஆச்சு, இங்க எல்லாரும் ஏன் என்னைப் பாத்து அழறாங்க? ஞாயித்துக்கிழமைங்கறாங்க. சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று பதில் எழுதி அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி என்று எழுத நினைத்தேன், யாருக்கு என்று தொடங்குவது?

மார்ச் 17, திங்கள்

நிலைக்கல் ஆறும்வரை கடவைப் பூட்டிவிட்டார்கள், அதனால் அவள் கப்பலில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் வாந்தியாம், முகம் பாதியாகியிருக்கிறது. "கடவே தேவலாம்" என்றாள். துறைமுகத்தில் நான்கு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். விட்டேன். உடனே அவளே பிடித்துக்கொண்டாள்.

வேலையை விட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அக்கரையில் அந்த மருந்தால் எழுந்து உட்கார்ந்த குழந்தைகளைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வாயை மூடிக்கொண்டேன். சொல்லாதது எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 27, வியாழன்

இன்று மறுபடி அவள் வேலைக்குப் போனாள். நெட்டையன்தான் பிடித்தான், மேலாளர் அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அனுமதித்த பிறகு. எனக்கு விடுமுறை. கூடத்தின் மணி எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்கும். ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்று ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவள் மூச்சு வாங்க, தலை கலைந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, எழுந்திரிங்க. நாலு தடவை போயிட்டு வந்துட்டேன்."

ஒரு மணியும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கிவிட்டேன்.