கடைசிப் பாகம் பாக்கி

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

பிரான்ஸ் தேசத்துப் பனியையே நடுங்க வைக்கும் என் அக்காள் மகள் ஃபரீஹாவுக்கு, ஏழு கடலுக்கும் ஏகபோகத் தாய்மாமன் மஜீத் அனுப்பும் ஸலாம். மாப்பிள்ளை உஸைருக்கும் அதில் பாதி கொடு.

நான் நலம். என் தொப்பை வளர்ந்து மூலக்குளம் வரை போய்விட்டது. வில்லியனூர் பஸ் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கூரியரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஐகோர்ட் மூளை, தெரியும்தானே.

சின்ன வயதில் சோறு தண்ணீர் இல்லாமல் நீ பார்த்த ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஞாபகமிருக்கிறதா? உலகமே போரில் அழிந்து, ஊரெல்லாம் கடலுக்குள் போய், மிச்சமிருக்கும் தீவுகளுக்கு நடுவே ஒரு பையன் திரிவானே, அது. உன் பெரியத்தா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த அந்த டிவிடிகளை அம்மா இப்போது தினம் மத்தியானம் போடச் சொல்கிறாள். அதில் எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறார்கள். நான் தமிழில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது போன்ழூரும் மெர்சியும்தான், மீதி என் சொந்தச் சரக்கு. ஆகையால் நம் வீட்டில் அந்தப் பையன் சுறாவை முழுசாக ஆணம் காய்ச்சித் தின்கிறான், போர்க்கப்பலைச் சுண்டு விரலால் கவிழ்க்கிறான். "புளுவாதடா மஜீது" என்று சிரிக்கிறாள். சிரித்தால் இருமல் வருகிறது. அப்போது படத்தை நிறுத்தி வைப்போம்.

மூழ்கிக் கிடக்கும் கோபுரத்தைப் பார்த்து, நம்ம பெரிய மார்க்கெட் மணிக்கூண்டும் இப்படி முழுவிப் போவுமா என்று கேட்டாள். அதை நான் தோளில் தூக்கிக்கொள்வேன் என்றேன். நேற்று, "அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லியாடா?" என்றாள். என் புளுகு மூட்டை அங்கே காலி. அவளேதான், "இல்லாட்டியும் எப்படி சிரிக்குது பாரு. புள்ளைங்க பொழச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாராவாரம் வீடியோவில் அவளைப் பார்க்கிறாய். முக்காடு போட்டிருப்பாள். என்றைக்கும் போடுவதுதானே, நீ என்ன கண்டாய். அதற்குள் முடி இல்லை, கண்ணு. போன பெருநாளிலிருந்து ஊசி போட்டார்கள், கொட்டிவிட்டது. நீ கூப்பிடும் முன் பவுடர் பூசி, தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைப்பது நான்தான். எதையும் பத்து மடங்காக்கிச் சொல்பவன், அவள் எடையைக் கொஞ்சம் கூட்டி எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

பெரிய டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க, புடிச்சதைக் கொடுங்க" என்றார். என்ன பிடிக்கும் என்று கேட்டால் பாயசம்கூட வேண்டாம் என்கிறாள். தொடரில் கடைசிப் பாகம் மட்டும் பாக்கி. போடட்டுமா என்றேன். "வாணாம். ஃபரீஹா வரட்டும், சேந்து பாத்துக்கலாம்" என்றாள்.

ஜூலை வக்கான்ஸ் லீவுக்கு வருகிறேன் என்று நீ சொன்னபோது அவள் சரியென்று தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த நான் ஆட்டவில்லை.

சென்ட் வேண்டாம், சாக்லேட் வேண்டாம், பெட்டியே வேண்டாம். இதைப் படித்த கையோடு கிளம்பு. வேலையை விட்டுட்டு ஏண்டி ஓடியாந்தே என்று அவள் உன்னைத் திட்ட வேண்டும், அதை நீ வாசலில் நின்று கேட்க வேண்டும். அல்லாஹ் உனக்கு வழியைச் சுருக்கித் தரட்டும். இங்கே நாட்களைக் கொஞ்சம் நீட்டித் தரட்டும்.

துஆவுடன்,
மாமா மஜீத்