முதல் மழைக்கே பரணேறிய கூலர்

ஜூன் 9, செவ்வாய்

சாயங்காலம் இந்த வருஷத்தின் முதல் மழை. அது நின்றதுமே இவர் ஜன்னலிலிருந்து கூலரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு மழையை நம்பி யாராவது கூலரை எடுத்து வைப்பார்களா? வருஷா வருஷம் "இன்னும் ரெண்டு மழை போகட்டும்" என்று என்னை அடக்குகிறவரே இவர்தான். சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

கூலரின் புல் தட்டிகளை உருவி நான் பால்கனியில் சாய்த்து வைத்தேன். ஈரப் புல் வாசனை இன்னும் கையில் இருக்கிறது. வழக்கம்போல் பெண் நித்யா ஸ்டூலில் ஏறி நிற்க, இவர் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, கூலர் பரணுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் புனேவுக்கு வேலைக்குப் போகிறாள்.

இப்போது ஒரே புழுக்கம். அப்பாவும் பெண்ணும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள்.

"உக்கபோஸ்தோந்தி" என்று புழுக்கத்தைத் தெலுங்கில் சொல்லி முனகினாள் நித்யா. "கூலரை இறக்கிடலாமாப்பா?"

"நக்கோ" என்று இந்த ஊர் உருதுவில் மறுத்தார் இவர், கண்ணைத் திறக்காமல். "மார்ச்சுல நீயே வந்து இறக்கு. என் முட்டிக்கு ஸ்டூல் எல்லாம் ஆகாது."

முட்டி வலி என்று இன்றுவரை ஒரு தைலம்கூடக் கேட்டதில்லை இந்த மனுஷன்.